கட்டிங் பிளேயருக்கு ஒரு உறை

எங்கள் நைனா கரண்ட் கம்பத்தில் ஏறுவார். ஆனால் அவர் லைன்மேன் இல்லை. இந்த இரண்டும் எப்படிச் சேர்ந்து உண்மையாக இருக்க முடியும் என்று எனக்குப் பதினோரு வயதுவரை சந்தேகம் வந்ததே கிடையாது. ஊரில் வேறு யாருக்கும் வந்ததாகவும் தெரியவில்லை. வீட்டில் விளக்கு எரிந்தால் போதும், யார் ஏறினால் என்ன என்பதுதான் ஊரின் கொள்கை.

உத்திரமேரூரிலிருந்து நாலைந்து மைல் தள்ளி, ஏரியை ஒட்டி இருக்கிறது எங்கள் ஊர். எங்கள் ஊரையும் சேர்த்து ஏழு ஊர்களுக்கு ஒரே ஒரு லைன்மேன். திருமுக்கூடல் பக்கத்திலிருந்து மொபெட்டில் வருவார். நல்ல மனிதர். கனத்த உடம்பு, இரண்டு முழங்காலிலும் வலி. ஏழு ஊர்க் கம்பங்களிலும் அவர் ஒருவரே ஏறி இறங்குவது ஆகாத காரியம். அதனால் ஒவ்வொரு ஊரிலும் தனக்கென்று ஓர் ஆளை வைத்திருந்தார். எங்கள் ஊரில் அந்த ஆள் எங்கள் நைனா. லைன்மேன் ஏரிக்கரையில் இருக்கும் டிரான்ஸ்பார்மருக்குப் போய்க் கரண்டை நிறுத்துவார். நைனா கம்பத்தில் ஏறி, அறுந்த கம்பியைச் சேர்த்து முறுக்கிவிட்டு இறங்குவார். வேலையைத் தான் செய்ததாக லைன்மேன் ஆபீஸ் நோட்டில் கையெழுத்துப் போடுவார். அறுவடை நாளில் களத்தில் நெல் அளக்கும்போது, ஏரித் தண்ணீரை வயல்களுக்குப் பாய்ச்சும் நீர்கட்டிக்கு ஒரு மரக்கால் தனியாக எடுத்து வைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். அதற்குப் பக்கத்திலேயே நைனாவுக்கும் ஒரு மரக்கால் நெல் விழும். அதற்கு மேல் அந்த வேலைக்கு ஒரு பெயரோ காகிதமோ கிடையாது.

லைன்மேனை நான் மாமா என்றுதான் கூப்பிடுவேன். எங்கள் வீட்டுக்கு வந்தால் காபி குடித்து முடித்ததும் அவர் தவறாமல் சொல்கிற ஒரு பேச்சு உண்டு.

"ஒரு நாளு ஏ.ஈ. இந்தப் பக்கம் வருவாரு. நீ மேல வேல செய்யறத பாப்பாரு. யார்யா நீ, கம்பத்துல ஏறி வேல செய்வியான்னு அவரே உன்ன கேப்பாரு. நீ ஆமான்னு சொல்லு, போதும். அன்னிக்கே உன் பேர எழுதிக்குவாங்கோ."

ஏ.ஈ. என்பவர் கரண்ட் ஆபீஸின் என்ஜினீயர். அவர் வருவார், கேட்பார், நைனாவின் பெயர் ஆபீஸ் நோட்டில் ஏறும், நைனாவுக்கும் காக்கிச் சட்டை கிடைக்கும் என்று எங்கள் வீட்டில் எட்டு வருஷமாக நம்பிக்கொண்டிருந்தோம். பெரிய ரோட்டில் ஜீப் சத்தம் கேட்டால் அம்மா அடுப்பை விட்டுவிட்டு வாசலுக்கு வந்து எட்டிப்பார்ப்பாள். கம்பத்தின் மேல் இருக்கும்போது சத்தம் கேட்டால் நைனா முதுகை நிமிர்த்திக்கொள்வார். பெரும்பாலும் அது கோழிப் பண்ணைக்குத் தீவனம் ஏற்றிவரும் வண்டியாக இருக்கும்.

நைனாவிடம் இருந்த ஒரே கருவி, சிவப்புப் பிடி போட்ட ஒரு கட்டிங் பிளேயர். அதை மேலே கொண்டுபோவதுதான் பெரிய பாடு. தலைத்துண்டை அவிழ்த்து, பிளேயரை அதில் சுற்றி, இடுப்பில் முடிச்சுப் போட்டுக்கொள்வார். மேலே போனதும் இடது கையால் கம்பத்தைக் கட்டிக்கொண்டு வலது கையால் முடிச்சை அவிழ்ப்பார். பத்துத் தடவைக்கு மூன்று தடவை பிளேயர் கீழே விழும். விழுந்தால் இறங்கி, சேற்றில் காலால் துழாவி எடுத்து, கழுவித் துடைத்து, மறுபடியும் ஏற வேண்டும். கம்பத்தில் ஏறிப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும், இரண்டாவது ஏற்றம் முதல் ஏற்றத்தைவிட எவ்வளவு உயரம் என்று.

ஒரு நாள் அம்மா தூக்குச் சட்டியில் சோறு கொண்டுபோய்க் கம்பத்தடியில் நின்றுகொண்டிருந்தாள். பிளேயர் நேராகத் தூக்கின் மூடிமேல் விழுந்தது. மூடி உள்ளே அமுங்கிப் போய்விட்டது. அன்று சாயந்திரம் முழுவதும் வீட்டில் அதே பேச்சு.

"ஒரு சாண் தள்ளி உழுந்திருந்தா என் மண்ட பூட்டிருக்கும்," என்றாள் அம்மா.

"தெரியாம உழுந்துட்சி. இன்னா பண்ண சொல்ற? வாயில கவ்விக்கினா ஏற முடியும்?" என்றார் நைனா.

அம்மா சமாதானமாகவில்லை. நான் மூலையில் உட்கார்ந்து அந்த மூடியைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தேன். குழி என் உள்ளங்கை அளவு இருந்தது. பிளேயர் விழாமல் இருக்க நான் ஏதாவது செய்தே ஆக வேண்டும் என்று அப்போது தீர்மானித்தேன். ஆறாம் வகுப்பில் எனக்குக் கணக்கு வராது, ஆனால் கை வேலை வரும். அட்டையில் நான் செய்த பெட்டி பள்ளிக்கூடத்தில் ஹெட்மாஸ்டர் மேஜைமேல் ஒரு வருஷம் இருந்தது.

என் முதல் உறை, பழைய பள்ளிக்கூடப் பையின் துணியில் தைத்தது. பழைய பை என்று சொல்கிறேன், அம்மா அப்படிச் சொல்ல மாட்டாள். "இன்னாடி இது, நல்லாக் கீற பைய கிழிச்சி வச்சிக்கீற!" என்று முதுகில் ஒன்று வைத்தாள். ஒரே நாளில் பிளேயரின் மூக்கு துணியைக் குத்திக்கொண்டு வெளியே வந்துவிட்டது. இரண்டாவது, சைக்கிள் டியூபில் செய்தது. அது குத்துப்படவில்லை, ஆனால் பிளேயரைப் பிடித்த பிடியில் விடவில்லை. வெயில் ஏறியதும் ரப்பர் இளகிப் பிடியோடு ஒட்டிக்கொண்டது. எடுக்க இரண்டு கை வேண்டியிருந்தது. கம்பத்தின் மேல் ஒரு ஆளுக்கு இரண்டு கை கிடையாது, ஒன்றரைதான் உண்டு என்று நைனா சிரித்தார்.

அதற்குப் பிறகுதான் எனக்குப் புத்தி வந்தது. உறையைப் பார்ப்பதை விட்டுவிட்டு நைனாவைப் பார்க்க ஆரம்பித்தேன். வீட்டுக்குப் பின்னால் இருந்த வேப்பமரத்தில் ஆள் உயரத்துக்கு அவரை ஏறச் சொன்னேன். இடது கையால் மரத்தைக் கட்டிக்கொண்டு வலது கையைத் தொங்கவிடச் சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டு இடுப்பைத் தொடச் சொன்னேன். விரல் பட்ட இடத்தில் கைலிமேல் அடுப்புக்கரியால் ஒரு புள்ளி வைத்தேன். பத்துத் தடவை தொட்டார், பத்துப் புள்ளி. எல்லாம் இடுப்பெலும்புக்குச் சற்றுப் பின்னால் ஒரே இடத்தில் விழுந்திருந்தன. நானோ அதுவரை இரண்டு உறைகளையும் அவருக்கு முன்பக்கம் மாட்டிவிட்டிருந்தேன். ஏறும்போது தொடை மேலே வருகிறது, வந்து உறையின் அடியை முட்டி பிளேயரை வெளியே தள்ளுகிறது. பக்கவாட்டில் பார்த்தபோது அது பளிச்சென்று தெரிந்தது. நைனா முகத்தில் கொசு மொய்க்க மரத்தைக் கட்டிக்கொண்டு நின்றார். "ஆச்சா கண்ணு? கால் நோவுது," என்று இரண்டு தடவை கேட்டார். நான் இன்னும் ஐந்து தடவை தொடச் சொன்னேன்.

மூன்றாவது உறைக்கு ரைஸ் மில்லில் அறுந்துபோய்க் கிடந்த மிஷின் பெல்ட்டில் ஒரு முழம் கேட்டு வாங்கி வந்தேன். அந்தக் காலத்தில் போட்ட கெட்டியான தோல் பெல்ட். இரண்டு நாள் தண்ணீரில் ஊறப்போட்டு, பிளேயரைச் சுற்றி மடித்துக் கயிற்றால் இறுக்கிக் கட்டி வெயிலில் காயவைத்தேன். அவிழ்த்தபோது பிளேயரின் உருவத்திலேயே நின்றது. கட்டிங் பிளேயரின் இரண்டு பாதியும் சேரும் இடத்தில் ஒரு புடைப்பு இருக்கும். உறையின் வாயை அந்தப் புடைப்பைவிட ஒரு நூல் குறுகலாக விட்டேன். பிளேயரை உள்ளே அழுத்தினால் புடைப்பு வாயைத் தாண்டி 'டக்' என்று உட்காரும். பிறகு தலைகீழாகக் கவிழ்த்தாலும் விழாது. எடுக்கும்போது கொஞ்சம் பின்பக்கம் சாய்த்து இழுத்தால் அதே 'டக்' சத்தத்தோடு கைக்கு வந்துவிடும். மழைத் தண்ணீர் தங்காமலிருக்க அடியில் ஒரு ஓட்டை. கைலிக்கு மேல் நைனா கட்டும் அகலமான பச்சை பெல்ட்டில் கோத்துக்கொள்ள, பின்பக்கம் ஒரு பட்டை.

தைப்பது மட்டும் என்னால் ஆகவில்லை. உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டில் செருப்பு தைப்பவரிடம் எடுத்துப்போனேன். ஆணி அடிக்கிறேன் என்றார். கரண்ட் வேலை, இரும்பு கூடாது, நைலான் நூலில் தைத்துத் தாருங்கள் என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். அப்புறம் இரட்டைத் தையலாகப் போட்டுக் கொடுத்தார்.

நைனா அதை மாட்டிக்கொண்டு முதல் தடவை கம்பத்தில் ஏறியபோது நான் கீழே நின்றேன். மேலே போய், முகத்தைக் கம்பி பக்கமே வைத்துக்கொண்டு, கையை மட்டும் பின்னால் கொண்டுபோனார். டக். வேலையை முடித்தார். மறுபடியும் டக். இறங்கி வந்ததும் என் தலையில் கையை வைத்து, "பாக்கவே தேவயில்ல கண்ணு. கையே போய் எடுத்துக்குது," என்றார். என் வாழ்நாளில் அதற்குப் பிறகு எனக்கு எத்தனையோ சான்றிதழ்கள் கிடைத்திருக்கின்றன. பாலிடெக்னிக்கில் படித்தேன், இப்போது தொழிற்சாலையில் வரைபடம் போடுகிறேன். எதுவும் அந்த அளவுக்கு இனித்ததில்லை.

அன்றிலிருந்து நைனா அதைக் கழற்றவே மாட்டார். டீக்கடைக்குப் போனாலும் இடுப்பில் உறை, கோயிலுக்குப் போனாலும் இடுப்பில் உறை. வெளியூர்க்காரர்கள் யாராவது பார்த்தால் லைன்மேனா என்று கேட்பார்கள். அவர் ஆமாம் என்றும் சொல்ல மாட்டார், இல்லை என்றும் சொல்ல மாட்டார், எந்த ஊருக்குப் போக வேண்டும் என்று திருப்பிக் கேட்பார். லைன்மேன் மாமா உறையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஆபீஸ்ல குடுக்கறது கூட இவ்ளோ கச்சிதமா இல்லியே பாப்பா. இத பாத்தா ஏ.ஈ.யே அசந்துடுவாரு," என்றார். நான் அதை அப்படியே பிடித்துக்கொண்டேன். நைனாவுக்கு இதுவரை வேலை கிடைக்காததற்குக் காரணம் அவர் துண்டில் பிளேயரை முடிந்துகொண்டு போனதுதான், இனிமேல் ஜீப்பில் வருகிறவருக்குப் பார்த்ததுமே புரிந்துவிடும் என்று நம்பினேன்.

இங்கே இன்னொன்றைச் சொல்ல வேண்டும். டிரான்ஸ்பார்மர் ஓர் இடம், கம்பம் ஓர் இடம். கரண்டை நிறுத்தியாகிவிட்டது என்று மாமா நைனாவுக்கு எப்படிச் சொல்வார்? மிஸ்டு கால் கொடுப்பார். ஒரு ரிங் வந்து நின்றால் கரண்ட் நின்றுவிட்டது, ஏறலாம் என்று அர்த்தம். வேலை முடிந்ததும் நைனா திருப்பி ஒரு மிஸ்டு கால் கொடுப்பார், மாமா கரண்டை விடுவார். காசு செலவில்லாத ஏற்பாடு. எங்கள் பக்கத்தில் அந்த நாளில் சோறு ஆகிவிட்டது என்பதற்கும் மிஸ்டு கால்தான், பஸ் வந்துவிட்டது என்பதற்கும் மிஸ்டு கால்தான்.

அது தை மாதம், நவரை நடவு நேரம். ஒரு சனிக்கிழமை காலையில் ஏரிக்குக் கீழ் இருந்த மோட்டார்கள் எல்லாம் நின்றுவிட்டன. கழனி நடுவில் இருந்த கம்பத்தில் ஒரு இணைப்பு கருகிப் போயிருந்தது. மற்ற இரண்டு கம்பிகளில் கரண்ட் ஓடிக்கொண்டிருந்தது. நாற்றுக் கட்டுகள் வரப்பில் வாடிக்கொண்டிருக்க, நடவுக்கு வந்த பெண்கள் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். மாமா மொபெட்டை ரோட்டில் நிறுத்திவிட்டு ஏரிக்கரைமேல் நடந்தே டிரான்ஸ்பார்மருக்குப் போய்க்கொண்டிருந்தார். அவர் முழங்காலுக்கு அது கால் மணி நேர நடை. பள்ளிக்கூடம் லீவு என்பதால் நான் நைனாவுக்கு நாஷ்டா எடுத்துக்கொண்டு போயிருந்தேன். நான் வரப்பில் நடந்து வருவதற்குள் அவர் கம்பத்தின் மேலே போயிருந்தார். கம்பிக்கு ஒரு முழம் கீழே, கம்பத்தைக் கட்டிக்கொண்டு மாமாவின் மிஸ்டு காலுக்காகக் காத்திருந்தார்.

உறை வருவதற்கு முன்னால் அவர் அப்படிச் செய்ததில்லை. இதை எனக்கு யாரும் சொல்லவில்லை, ரொம்ப நாள் கழித்து நானே யோசித்துக் கண்டுபிடித்தது. முன்பெல்லாம் துண்டை அவிழ்ப்பதும் பிளேயரைச் சுற்றுவதும் முடிச்சுப் போடுவதுமாகக் கீழேயே நேரம் போகும். அதற்குள் போன் அடிக்கும். சட்டைப் பையிலிருந்து எடுத்து, மாமாவின் பெயர்தானா என்று பார்த்துவிட்டு, பிறகுதான் கம்பத்தில் காலை வைப்பார். என் உறை அந்த நேரத்தை மிச்சம் பிடித்துக் கொடுத்தது. மிச்சமான நேரத்தில் அவர் முன்கூட்டியே மேலே போய் நிற்கப் பழகியிருந்தார். மேலே நிற்கிறவர் போனை எடுத்துப் பார்க்க முடியாது. சத்தத்தை மட்டும்தான் கேட்க முடியும்.

சட்டைப் பையில் போன் ஒரு ரிங் அடித்து நின்றது. கீழே இருந்த எனக்கே கேட்டது. நைனாவின் கை பின்னால் போனது. 'டக்' என்ற சத்தமும் கேட்டது.

அந்த மிஸ்டு கால் மாமா கொடுத்தது இல்லை. மாமா அப்போது கரைமேல் பாதி தூரம்கூடப் போயிருக்கவில்லை. எனக்குப் பெரியப்பா முறையாகிற ஒருவர், தன் நடவு நின்றுபோன ஆத்திரத்தில், சீக்கிரம் ஆகட்டும் என்று சொல்வதற்காகக் கொடுத்தது. அவர் பிற்பாடு எங்கள் வீட்டு வாசலில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டு அழுதார். அவரைக் குறை சொல்லி என்ன செய்வது? எல்லோரும் எல்லாவற்றுக்கும் அதைத்தான் செய்துகொண்டிருந்தோம்.

நைனா சத்தம் போடவில்லை. பொட்டென்று நடவுக் கழனியின் சேற்றில் மல்லாந்து விழுந்தார். சேறாக இருந்ததால் உயிர் பிழைத்தார் என்று டாக்டர் சொன்னார். வலது கை கறுத்துப் போயிருந்தது. நடவு நட வந்த பெண்கள்தான் ஓடிவந்து தூக்கினார்கள். நான் வரப்பிலேயே நின்றேன். என் காலை எடுத்துவைக்க என்னால் முடியவில்லை. இதை எழுதும்போதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

முழங்கால் வலிக்காரரான மாமா கரைமேலிருந்து எப்படி அவ்வளவு வேகமாக ஓடிவந்தார் என்று தெரியாது. வந்தவர் நைனாவைத் தோள்மேல் போட்டுக்கொண்டு ரோடுவரை தூக்கிப் போனார். ஆம்புலன்ஸுக்கு போன் போட்டார்கள். அது வருவதற்குள் மாமா கண்ணீர் வடிய வடிய ஒரு காரியம் செய்தார். நைனாவின் பச்சை பெல்ட்டை அவிழ்த்து, உறையோடு என் கையில் கொடுத்தார். யாரோ சேற்றிலிருந்து எடுத்துவந்த பிளேயரையும் கொடுத்தார்.

"பாப்பா, இத எடுத்துக்கினு வூட்டுக்கு ஓடு. யாரு கண்லயும் படக்கூடாது. யாராவது கேட்டா, நைனா தென்ன மரத்துல ஏறனாரு, மட்ட கம்பி மேல பட்டுட்சின்னு சொல்லு. கம்பத்துல ஏறனாருன்னு மட்டும் சொல்லிடாதம்மா. சொன்னா மாமாவுக்கு வேலயே பூடும்."

நான் ஓடினேன். பெல்ட்டையும் உறையையும் பிளேயரையும் அரிசி டிரம்மில் போட்டு, மேலே அரிசியை இழுத்து மூடினேன். கடைசியில் எனக்கும் ஒரு வேலை கிடைத்துவிட்டது. மாமாவைக் காப்பாற்றும் வேலை.

பெரிய ஆஸ்பத்திரியில் நைனாவை இருபது நாளுக்கு மேல் வைத்திருந்தார்கள். வலது கையில் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் எடுத்துவிட்டார்கள். அம்மா அங்கேயே இருந்தாள், நான் பக்கத்து வீட்டில் சாப்பிட்டுப் பள்ளிக்கூடம் போனேன். கேட்டவர்களுக்கெல்லாம் தென்னை மரம் என்றேன். பள்ளிக்கூடத்தில் தென்னை மரம், கடையில் தென்னை மரம். ஊரில் பாதிப் பேருக்கு உண்மை தெரியும், அவர்களும் என்னிடம் தென்னை மரம் என்றே பேசினார்கள். நைனா வீட்டுக்கு வந்ததும் மாமா கட்டிலோரம் உட்கார்ந்து ரொம்ப நேரம் மெதுவாகப் பேசினார். நைனா தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். "வுடு, ஆனது ஆச்சி. உன்கு ரெண்டு பொண்ணு கீது," என்று அவர் சொன்னது மட்டும் எனக்குக் கேட்டது.

கரண்டால் யாருக்காவது அடிபட்டால் ஆபீஸிலிருந்து வந்து விசாரித்து எழுதிக்கொண்டு போக வேண்டுமாம். நைனா வந்த நாலாம் நாள் எங்கள் தெருவில் ஜீப் சத்தம் கேட்டது. இந்தத் தடவை அது உண்மையிலேயே ஜீப். ஏ.ஈ. இறங்கி வந்தார். நான் நினைத்ததுபோல மீசைக்காரராக இல்லை. கண்ணாடி போட்ட இளம் வயதுக்காரர். செருப்பை வாசலில் விட்டுவிட்டுத்தான் உள்ளே வந்தார். பக்கத்து வீட்டிலிருந்து அம்மா வாங்கி வந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, கொடுத்த தண்ணீரை முழுவதும் குடித்தார். மாமா வாசற்படியில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அவர் கழுத்திலிருந்து வியர்வை இறங்கிச் சட்டையை நனைத்துக்கொண்டிருந்தது.

ஏ.ஈ. பேனாவைத் திறந்துகொண்டு நைனாவின் முகத்தைப் பார்த்தார். "பயப்படாம சொல்லுங்க. நீங்க கம்பத்துல ஏறி வேலை செய்வீங்களா?" என்றார்.

அதட்டிக் கேட்கவில்லை. ரொம்ப மரியாதையாகக் கேட்டார். நைனா அவரையே பார்த்தார். பிறகு மாமாவைப் பார்த்தார். பிறகு மறுபடியும் ஏ.ஈ.யைப் பார்த்தார். கட்டுப் போட்ட கையைக் கொஞ்சம் தூக்கினார். கட்டிலில் சாய்ந்திருந்தவர் முதுகை நிமிர்த்தினார். உதடு பிரிந்தது. எங்கே உண்மையைச் சொல்லிவிடுவாரோ என்று எனக்குப் பகீரென்றது.

"எங்க நைனா கம்பத்துல எல்லாம் ஏறமாட்டாரு சார். தென்ன மரத்துலதான் ஏறனாரு," என்று முந்திக்கொண்டேன்.

ஏ.ஈ. என் பக்கம் திரும்பிச் சிரித்தார். "அப்படியாம்மா?"

அவர் நம்பவில்லையோ என்று எனக்குத் தோன்றியது. அதனால் மாமா சொல்லிக்கொடுக்காததையும் சேர்த்துச் சொன்னேன். "அவருக்கு கரண்டுன்னாலே பயம் சார். வூட்ல பல்பு மாத்தறதுக்குக் கூட பக்கத்து வூட்டு அண்ணனத்தான் கூப்புடுவாரு."

வாசற்படியில் மாமா விட்ட மூச்சு எனக்குக் கேட்டது. அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். ஏ.ஈ. குனிந்து எழுதினார். நான் சொன்ன இரண்டையும் எழுதினார் என்றுதான் நினைக்கிறேன், ரொம்ப நேரம் எழுதினார். எழுதி முடித்துக் காகிதத்தை நீட்டினார். கையெழுத்துப் போட முடியாது என்பதால் மைப்பெட்டியைத் திறந்து வைத்தார். நைனா பழக்கத்தில் வலது கையை நீட்டிவிட்டு, பிறகு மடக்கிக்கொண்டு இடது கட்டைவிரலை வைத்தார்.

ஜீப் போனதும் மாமா உள்ளே வந்து என் தலைமேல் கையை வைத்தார். அம்மா என்னை இழுத்து அணைத்து, "இன்னா வாயி இந்தப் பொண்ணுக்கு!" என்றாள். அன்றைக்கு எங்கள் வீட்டில் என்னைவிடப் பெரிய மனுஷி யாரும் இல்லை. நைனா மட்டும் சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். நான் விசிறியை எடுத்துக்கொண்டு போய்க் கட்டில்மேல் உட்கார்ந்தேன்.

"கை வலிக்குதா நைனா?"

"இல்ல கண்ணு. நல்லாத்தான் சொன்ன," என்றார் சுவரைப் பார்த்தபடியே.

நல்லாத்தான் சொன்ன என்றால் பாராட்டு என்றுதான் எனக்குப் பொருள் தெரியும். அதைத் தோழிகளிடம் சொல்லிப் பெருமைப்பட்டேன். ஏ.ஈ.யையே ஏமாற்றியவள் என்று வகுப்பில் எனக்கு ஒரு பெயர்கூட வந்தது. மாமாவின் வேலை நிலைத்தது. எங்கள் ஊருக்கு அவர் வேறோர் ஆளைப் பிடித்துக்கொண்டார். கம்பத்தில் ஏறிய மனிதர் என்று நைனாவைப் பற்றி ஒரு வரிகூட எங்கும் இல்லை. கரண்டைக் கண்டு பயப்படுகிறவர் என்று மட்டும் ஏதோ ஒரு ஆபீஸ் அலமாரியில் இருக்கலாம்.

நைனா இப்போது ஒரு செங்கல் சூளையில் காவலுக்கு இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் போய்ப் பார்க்கிறேன். ஆடு, மழை, என் கல்யாணம் என்று எல்லாம் பேசுகிறோம். அன்றைக்கு என்ன சொல்ல வாயெடுத்தீர்கள் என்று மட்டும் நான் கேட்டதில்லை. தென்னை மரம் என்றே சொல்லியிருக்கலாம். மாமாவின் இரண்டு பெண்களை நினைத்து அதைத்தான் சொல்லியிருப்பார் என்று என்னை நானே தேற்றிக்கொள்வதும் உண்டு. ஆனால் எட்டு வருஷம் அவர் காத்திருந்த மனிதர் அன்றைக்குத்தான் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். காத்திருந்த அதே கேள்வியை, நேருக்கு நேர், மரியாதையாகக் கேட்டார். ஆமாம் என்பதோ இல்லை என்பதோ, அதைச் சொல்ல வேண்டியவர் நைனா. நான் அவரைச் சொல்லவிடவில்லை.